சோஃபாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

என் வீட்டு லெதர் சோஃபாவுக்கு மூணாவது வருஷம் தோல் உரிய ஆரம்பித்தது. முதலில் கைப்பிடி வளைவில் ஒரு வெடிப்பு, பனிக்காலத்து உதடு மாதிரி. அப்புறம் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னச் செதில்கள். தரையில் உதிர்ந்தது, பெருக்கினால் மறுநாள் திரும்ப உதிர்ந்தது. சட்டையில் ஒட்டிக்கொண்டு ஆபீஸ் வரை வந்தது. உரிந்த இடத்துக்கு அடியில் வெள்ளையாக ஒரு துணி தெரிந்தது. பனியன் துணி.

பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 'லெதர் சோஃபா, த்ரீ சீட்டர்' என்றுதான் இருந்தது. 62,000 ரூபாய். கடைக்குப் போன் செய்தால், "பாண்டட் லெதர் சார், அதுவும் லெதர்தான் சார்" என்றார்கள். ஈரக்காத்து பட்டதுதான் காரணமாம். ஹாலில் ஏசி இருக்கா என்று வேறு கேட்டார்கள். சென்னையில் ஒரு சோஃபா உயிரோடு இருக்கணும் என்றால் அதற்கு நாள் பூரா ஏசி போடணும் என்பதை வாங்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு லைன் கட்டாகிவிட்டது.

இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் கடைக்காரன் மேல் உள்ள கோபம் பாதிதான். நான் குடியிருப்பது குரோம்பேட்டையில். அந்தப் பெயரே இங்கே இருந்த குரோம் தோல் கம்பெனியிலிருந்து வந்தது. பக்கத்துப் பல்லாவரத்தில் டேனரிகள் இருந்தன. அடையாறில் 1948இலிருந்து மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் ஆம்பூர், வாணியம்பாடி. ஐரோப்பாவில் விற்கிற ஷூவுக்கெல்லாம் அங்கேதான் தோல் பதமாகிறது, அங்கேதான் தைக்கிறார்கள். இப்படித் தோலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, 62,000 ரூபாய் கையில் வைத்துக்கொண்டு, தோலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருத்தன் ஏமாந்திருக்கிறான் என்றால் அது எப்படி நடந்தது? எனக்கு மட்டும் நடக்கவில்லை. என் அபார்ட்மென்ட்டில் மட்டும் நாலு வீட்டு சோஃபா உரிந்துகொண்டிருக்கிறது. படித்தவர்கள், காருக்கு மைலேஜ் பார்த்து வாங்குகிறவர்கள், வெண்டைக்காயை நுனி ஒடித்து வாங்குகிறவர்கள்.

வெண்டைக்காயை ஒடிக்கத் தெரிகிறது. பட்டுப்புடவையின் சரிகையை உரசிப் பார்க்கத் தெரிகிறது. தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரை தேடத் தெரிகிறது. தோல் என்று வந்தால் மட்டும் கை ஓடமாட்டேன் என்கிறது. நான் சொல்ல வருவது இதுதான்: இந்த அறியாமை தற்செயலானது இல்லை. தோலைத் தொட்டவனைத் தள்ளி வைத்த சமூகம், தோலைப் பற்றிய அறிவையும் அவனோடு சேர்த்துத் தள்ளி வைத்தது. இன்றைக்கு ஷோரூம்காரன் நம்மிடம் காசு பண்ணுவது அந்த இடைவெளியில்தான்.

*

எனக்குத் தோலைச் சொல்லிக்கொடுத்தவர் என் நண்பனின் அப்பா. நானும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவேன். பேர்ணாம்பட்டுக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் தோல் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஆரம்பித்து, டிரம்மு, ஸ்பிளிட்டிங் மிஷின், கடைசியில் ஃபினிஷிங். இப்போது பல்லாவரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவர் சோஃபாவில் உட்காரவில்லை. குனிந்து ஒரு செதிலை எடுத்தார். கட்டைவிரலால் தேய்த்தார்.

"இன்னா தம்பி இது? தோலை அரைச்சு, கோந்து போட்டு, அட்டையாக்கி, மேல பெயிண்ட் அடிச்சிருக்கான். ஷேவிங் மிஷின்ல விழுமே தூளு, அது."

எவ்வளவு கொடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை. "எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல" என்றார். கேட்டிருக்கலாம். அவர் மகனோடு பதினைந்து வருஷப் பழக்கம். சோஃபா வாங்க இணையத்தில் மூணு வாரம் தேடினேன், வீடியோக்கள் பார்த்தேன், யாரோ அமெரிக்காக்காரர் சொன்னதைக் குறித்து வைத்தேன். தோல் ஷாப்பில் முப்பது வருஷம் கழித்த மனிதரைக் கேட்கணும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்பதை யோசிக்க யோசிக்கத்தான் எனக்கு உடம்பு கூசியது.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். மாட்டுத்தோல் நாலைந்து மில்லிமீட்டர் கனம். அந்தக் கனத்தில் சோஃபா போட முடியாது. சோஃபாவுக்கு ஒரு மில்லிமீட்டர், ஒண்ணேகால் மில்லிமீட்டர் போதும். அதனால் தோலைக் கிடைமட்டமாக அறுக்கிறார்கள். ஒரு தடித்த இட்லியைப் படுக்கை வசத்தில் இரண்டாகப் பிளக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ரோமம் இருந்த பக்கம், மேல்பாதி. அங்கே நார்கள் நெருக்கமாக, பின்னிப் பிணைந்து இருக்கும். பலம் அங்கேதான். மயிர்க்கால் ஓட்டைகள் இருப்பதும் அங்கேதான். கீழ்ப்பாதி, சதை ஒட்டிய பக்கம். அதில் நார் தளர்வாக இருக்கும், மேலே எந்த முகமும் இருக்காது. இதற்குத் தொழிலில் 'ஸ்பிளிட்' என்று பேர்.

மேல்பாதியைத் தேய்க்காமல், அதன் இயல்பான முகத்தோடு விட்டால் ஃபுல் கிரெய்ன். முகத்தில் தழும்பு அதிகம் இருந்தால் எமரித்தாள் போட்டுத் தேய்த்து, நிறம் பூசி, சூடான தகட்டை அழுத்திப் பொய்யாக மயிர்க்கால் அச்சிடுவார்கள். அது கரெக்டட் கிரெய்ன். கடையில் 'டாப் கிரெய்ன்' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கெட்டது ஒன்றுமில்லை, ஒழுங்காகச் செய்திருந்தால் இருபது வருஷம் வரும். கீழ்ப்பாதி ஸ்பிளிட்டின் மேல் கனமான பிளாஸ்டிக் பூச்சு பூசி அதிலும் மயிர்க்கால் அச்சிடலாம். அது புதிதாக இருக்கும்போது மேல்பாதியைவிட அழகாக இருக்கும். உட்கார்ந்து எழுந்து, மடிகிற இடத்தில் ஒருநாள் வெடிக்கும். இதற்கெல்லாம் கீழே, மிச்சம் மீதித் தூளை அரைத்து ஒட்டிய பாண்டட். அதற்கும் கீழே துணிமேல் பிவிசியோ பாலியூரித்தேனோ பூசியது, நம்ம ரெக்ஸின். ரெக்ஸினாவது தன்னை ரெக்ஸின் என்றே சொல்லிக்கொண்டது. அந்த நேர்மை இன்றைய 'லெதரெட்'டுக்குக் கிடையாது.

பாலியூரித்தேனுக்குத் தண்ணீர் எதிரி. காற்றில் இருக்கிற ஈரமும் சூடும் சேர்ந்து அதன் வேதிப்பிணைப்பை மெல்ல மெல்ல அறுக்கும். அதனால்தான் நம்ம ஊரில் ஷூ, ஹேண்ட்பேக், சோஃபா எல்லாம் பயன்படுத்தாமல் மூலையில் வைத்திருந்தாலும் உரிகிறது. கடைக்காரர் ஏசி பற்றிக் கேட்டது முழுப்பொய் இல்லை. கடலோர ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலோர ஊர்க்காரனிடமே அதை விற்றார் என்பதுதான் விஷயம்.

*

இப்போது சொற்களுக்கு வருகிறேன். என் சண்டை முக்கியமாகச் சொற்களோடுதான்.

'ஜெனியூன் லெதர்.' இதை ஒரு தரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஏதோ ஐ.எஸ்.ஐ. மார்க் மாதிரி. தரமே இல்லை அது. 'இது ஏதோ ஒரு பிராணியின் தோலில் ஏதோ ஒரு பாகம்' என்பதற்கு மேல் அதில் அர்த்தம் கிடையாது. கீழ்ப்பாதி ஸ்பிளிட்டும் ஜெனியூன்தான். ஹோட்டலில் 'உண்மையான சாப்பாடு' என்று போர்டு வைத்திருந்தால் உள்ளே போவீர்களா? இங்கே போகிறோம்.

அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 1996இலேயே இதற்கு வழிகாட்டு விதிகள் போட்டது. பாண்டட் என்றால் அதில் எத்தனை சதவீதம் தோல் நார் என்று சொல்லணும், இல்லாவிட்டால் வாங்குபவரை ஏமாற்றுவதாகக் கருதப்படும். ஐரோப்பியத் தரவரையறையில், தோலின் மேலுள்ள பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் வெறுமனே 'தோல்' என்று சொல்லக் கூடாது, 'பூச்சிட்ட தோல்' என்று சொல்லணும். ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குக்காகச் சண்டை போட்டு ஒரு சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நம்மூர் ஷோரூமில் இந்தக் கணக்கை யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

'இத்தாலியன் லெதர்.' இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பொய். இத்தாலியில் உலகத்தரமான டேனரிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. வெனெட்டோ பகுதியில் அர்ஸிஞானோ என்ற ஊர் சோஃபாத் தோலுக்கே பேர்போனது. ஆனால் அங்கே பதமாகிற தோலெல்லாம் இத்தாலிய மாட்டினுடையது இல்லை. பிரேசில் முதற்கொண்டு பல நாட்டு மாடு அங்கே கப்பலில் போகிறது. இது நிஜ இத்தாலியன் லெதரின் கதை. நம் ஷோரூமில் அந்தச் சொல் பெரும்பாலும் கலரையோ தையல் ஸ்டைலையோதான் குறிக்கிறது. துருவிக் கேட்டால் 'இத்தாலியன் ஃபினிஷ் சார்' என்று இறங்கி வருவார்கள்.

அதைவிட முக்கியமாக, இத்தாலியன் என்ற சொல் இன்னொரு வேலையும் செய்கிறது. எந்தப் பிராணி என்ற கேள்வியை அது வாயிலேயே அடைத்துவிடுகிறது. எனக்குத் தெரிந்து, முட்டை வாசம் பட்டால் பாத்திரத்தைத் தனியாக வைக்கிற வீடுகளில் ஹால் நடுவே லெதர் சோஃபா இருக்கிறது. சோஃபாவுக்கு வருவது அநேகமாக மாடு, இல்லையென்றால் எருமை. ஆட்டுத்தோலில் சட்டை தைக்கலாம், சோஃபாவுக்கு அளவு பத்தாது. அவர்களுக்கும் இது தெரியும். ஆனால் இத்தாலி என்றதும் அது மாடு இல்லை, 'மெட்டீரியல்' ஆகிவிடுகிறது. என் பாட்டி செருப்பைக் கையால் தொட்டால் தண்ணீர் தெளிக்கச் சொல்வாள். அவள் பேரன் நான், பூஜை அலமாரிக்கு எதிரே ஆறடி நீளத்துக்குத் தோல் என்று நம்பிய ஒன்றை வாங்கிப் போட்டேன். பாட்டி இருந்திருந்தால் தலைமுழுகச் சொல்லியிருப்பாள். பனியன் துணி என்று தெரிந்ததும் மன்னித்திருப்பாள்.

*

புறநானூற்றில் 82ஆம் பாட்டு இருக்கிறது. சாத்தந்தையார் பாடியது. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி, மழை வேறு கொட்டுகிறது, பொழுது இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் ஒருவன் தோல்வாரை ஊசியில் கோத்துக் கட்டிலைப் பின்னி முடிக்கிறான். அந்த ஊசியின் வேகம்தான் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியின் போர் வேகத்துக்கு உவமை. எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார் பாருங்கள். அந்தக் கையை, அந்த அவசரத்தை, வீட்டுக்கு ஓடவேண்டிய மனசை. ஆனால் அந்த ஆளைச் சுட்டுகிற சொல் அவன் பிறப்பைத் தாழ்த்துகிற சொல். கை அரசனுக்கு உவமையாகலாம், கைக்குச் சொந்தக்காரன் இழிந்தவன். தமிழ் இலக்கியத்தில் தோலும் ஃபர்னிச்சரும் சேர்ந்து வருகிற அந்த இடத்திலேயே இந்தப் பிளவும் வந்துவிடுகிறது. ஸ்பிளிட்டிங் மிஷின் அப்போதே ஓடியிருக்கிறது. (மிருதங்கத்துக்கும் இதே கதைதான். டி.எம். கிருஷ்ணா 2020இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதிவிட்டார் என்பதால் விடுகிறேன்.)

பழங்கதை என்று சொல்லிவிடாதீர்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித்துகளை வண்டியில் கட்டிவைத்து அடித்தார்கள். அதை வீடியோ எடுத்துப் பெருமையாகப் பரப்பவும் செய்தார்கள். உரிக்கிறவனுக்கு அடி. உரித்ததை அரை நாள் டிரம்மில் சுற்றி, நிறம் பூசி, ஐரோப்பியப் பெயர் வைத்தால் அது மேல்தட்டு ரசனை.

நண்பனின் அப்பா இதையெல்லாம் அரசியலாகப் பேசுகிறவர் இல்லை. ஒரு தடவை மட்டும் சொன்னார். "ஷிஃப்ட் முடிஞ்சு பஸ் ஏறுனா பக்கத்து சீட்டுல உக்கார மாட்டாங்கப்பா. எவ்ளோ சோப்பு போட்டாலும் நகத்துல வாசன நிக்கும். என் தங்கச்சி மாப்ள வீட்டுக்காரங்க வந்தப்ப என்னய வெளிய போயிருக்கச் சொன்னாரு எங்கப்பா." அவர் வீட்டில் லெதர் சோஃபா கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலி, பாய். முப்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் சதுர அடி அவர் கைவழியே போயிருக்கும்.

இப்போது அதே வாசனைக்கு ஸ்ப்ரே வந்துவிட்டது. லெதர் வாசனையைக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள், ரெக்ஸினில் அடித்துவிடலாம். எனவே "மோந்து பார்த்து வாங்குங்க" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

*

எதைத்தான் நம்புவது? போன மாதம் அவரைக் கூட்டிக்கொண்டு பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஷோரூமுக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம், எல்லாக் கடையும் அதுதான். விற்பனைப் பையனுக்கு இருபத்துநாலு வயசிருக்கும். என்னைப் பார்த்துத்தான் பேசினான். அப்பாவைப் பார்க்கவே இல்லை, டிரைவர் என்று நினைத்திருக்கலாம்.

"ப்யூர் ஜெனியூன் இத்தாலியன் லெதர் சார். ஃபைவ் சீட்டர். எம்ஆர்பி மூணு பத்து, ஆஃபர்ல ஒன்னு எண்பத்தஞ்சுக்கு வருது சார்." பையிலிருந்து லைட்டரை எடுத்துக் கைப்பிடியில் ஒரு நொடி காட்டினான். "பாருங்க சார், உருகல."

அப்பா என் பக்கம் திரும்பிச் சின்னதாகத் தலையாட்டினார். ஒரு நொடி காட்டினால் நல்ல பாலியூரித்தேனும் உருகாது. நிஜமாகவே தோலாக இருந்தாலும் மேல்பாதியா கீழ்ப்பாதியா என்று நெருப்பு சொல்லாது. தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்க்கிற வித்தையும் இப்படித்தான். பூச்சே இல்லாத அனிலைன் தோல் மட்டும்தான் தண்ணீரைக் குடிக்கும். நிறம் பூசிய நல்ல தோலில் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். இதை நம்பினால் நல்லதை வேண்டாம் என்று விட்டுவிட்டு வருவோம்.

"அடியக் காட்டு கண்ணு" என்றார் அப்பா.

"டிஸ்பிளே பீஸ் அங்கிள், கவுக்க முடியாது."

"நான் கவுக்குறேன். நீ அந்தப் பக்கம் புடி."

கவிழ்த்தோம். அடியில் கறுப்புத் துணி போர்த்தி ஸ்டேப்ளர் அடித்திருப்பார்கள். ஒரு ஓரத்தில் இரண்டு பின்னை நகத்தால் எடுத்தார். உள்ளே தோல் சட்டத்தில் மடித்து அடித்திருக்கிற இடம் தெரிந்தது. வெட்டிய ஓரம். சோஃபா உண்மையைப் பேசுகிற ஒரே இடம் அதுதான். இல்லாவிட்டால் மெத்தையின் ஜிப்பைத் திறந்து தையலின் உள்பக்கத்தைப் பார்க்கலாம், அங்கேயும் வெட்டிய ஓரம் இருக்கும். தோலென்றால் அந்த ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை நார் ஒரே பின்னலாக ஓடும், மேலே போகப்போக நெருக்கமாகும். போலி என்றால் கோடு போட்ட மாதிரி அடுக்கு தெரியும்: மேலே பிளாஸ்டிக், கீழே துணி. பின்பக்கம் சொரசொரப்பாக இருந்தாலே தோல் என்றும் முடிவு கட்டக்கூடாது. மைக்ரோஃபைபர் வைத்து அதையும் போலி செய்துவிட்டார்கள். ஓரத்தை நகத்தால் நெருடணும். தோல் பஞ்சு பஞ்சாகப் பிரியும். போலியில் மேல்படலம் தனியாகக் கழன்று வரும்.

அதன்பின் நிமிர்த்தி வைத்து, முதுகுப் பக்கத்தைக் கையால் தடவினார். "உக்கார்ற எடம் தோலு. பின்னாடி, சைடு எல்லாம் ரெக்ஸின். கலர் சேத்துட்டான்." இதற்கு வியாபாரத்தில் 'லெதர் மேட்ச்' என்று கௌரவமான பெயர் இருக்கிறது. சொல்லிவிட்டு விற்றால் தப்பில்லை, விலை அதற்குத் தக்க இருக்கணும். பையன் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாது என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

கடைசியாக மூன்று இருக்கைகளையும் வரிசையாகப் பார்க்கச் சொன்னார் என்னை. "மூணுலயும் அதே சுருக்கம் தெரியுதா? இதோ இந்த மூணு புள்ளி, அங்கயும் அதே மூணு புள்ளி." தெரிந்தது. ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு கண்ணிலிருந்து போகவே மாட்டேன் என்கிறது. தகடு அழுத்திய அச்சு. எந்த மாட்டின் முதுகிலும் ஒரே சுருக்கம் மூன்று இடத்தில் வராது. அப்புறம் இருக்கையில் கட்டைவிரலை அழுத்தினார். மேல்பாதித் தோல் என்றால் விரலைச் சுற்றி மெல்லிய கோடுகள் ஓடும், எடுத்ததும் மறையும். இது பாய்விரித்த மாதிரி மொத்தமாக அமுங்கி எழுந்தது. "ஸ்பிளிட்டு. பூச்சு தடியா இருக்கு. அஞ்சு வருஷம் தம்பி, அதுக்கு மேல நான் கேரண்டி தரமாட்டேன்."

சட்டத்தைப் பற்றி இரண்டே வரி: ஒரு மூலையைத் தூக்குங்கள், அரையடி தூக்கியும் அடுத்த கால் எழும்பவில்லை என்றால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது. ஃபோம் என்ன டென்சிட்டி என்று கேட்டு, 32க்குக் கீழே சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

விலையை வைத்தே ஒரு கணக்கும் போடலாம். மூன்று பேர் சோஃபா முழுக்கத் தோலில் போட 150 முதல் 200 சதுர அடி வேண்டும். கணக்குக்காகச் சதுர அடி 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தோலுக்கு மட்டுமே 22,500இலிருந்து 30,000 ஆகிவிடுகிறது. மரம், ஃபோம், ஸ்பிரிங், கூலி, லாரி, வரி, கடை வாடகை, லாபம் எல்லாம் அதற்கு மேல். முப்பதாயிரத்துக்கு 'முழு லெதர் சோஃபா' கிடைக்கிறது என்றால் அதைச் செய்தவன் ஒன்று தர்மவான், இல்லை புளுகன். இந்தக் கணக்கைத் திருப்பியும் போடணும். ஒன்னு எண்பத்தஞ்சு கொடுத்ததால் தோல் வந்துவிடாது, அதை நேரிலேயே பார்த்தோம்.

*

தழும்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நம் ஊர் மாடு வெளியில் மேய்கிற மாடு. முள் கீறும், உண்ணி கடிக்கும், சூடு போடுவார்கள், வண்டி நுகம் உரசும். அத்தனையும் தோலில் எழுதியிருக்கும். தரம் பிரிக்கும்போது இதெல்லாம் 'டிஃபெக்ட்'. தழும்பு கூடக்கூட விலை இறங்கும், அதனால்தான் எமரித்தாளும் பெயிண்ட்டும் தேவைப்படுகிறது. வாங்க வருகிறவர்களோ ஒரு சின்ன உண்ணிப்புள்ளியைப் பார்த்தால் 'டேமேஜ் பீஸ்' என்று முகம் சுளிக்கிறார்கள். தழும்பே இல்லாத, எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி இருக்கிற தோல் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரன் என்ன செய்வான்? பிளாஸ்டிக்தான் கொடுப்பான். இந்த ஒரு விஷயத்தில் நான் கடைக்காரன் பக்கம்.

"எதுக்குங்க தோலே? வீகன் லெதர் வாங்கலாமே" என்று சிலர் கேட்பார்கள். மாட்டைக் கொல்லக்கூடாது என்பவர்களோடு எனக்குத் தகராறு இல்லை, துணி சோஃபா வாங்கட்டும், பிரம்பு வாங்கட்டும். ஆனால் வீகன் லெதர் என்று விற்பதில் பெரும்பகுதி பாலியூரித்தேனும் பிவிசியும்தான். பெட்ரோலியத்துக்குக் கருணை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூணு வருஷத்தில் உரிந்து பெருங்குடி குப்பைமேட்டுக்குப் போகும், அங்கிருந்து எங்கேயும் போகாது.

பாலாற்றைப் பற்றிக் கேட்பவர்களுக்கு அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடியவில்லை. தோலுக்காக நாம் ஒரு ஆற்றைக் கொடுத்திருக்கிறோம். 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் 'மாசு செய்தவனே ஈடு கட்டணும்' என்று தீர்ப்பு சொன்னது. இன்றைக்கும் சட்டக்கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது அந்தத் தீர்ப்பு. ஆற்றுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று ஆம்பூர்ப் பாலத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் கழிவுத்தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் தோல் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இதற்குப் பிறகும் லெதர் சோஃபா வாங்கலாமா? நான் இன்னும் அதை மென்றுகொண்டுதான் இருக்கிறேன். ஒன்று மட்டும் எனக்கு உறுதி. இவ்வளவு விலை கொடுத்து வருகிற ஒரு பொருள் மூன்று வருஷத்தில் குப்பைக்குப் போவது அநியாயத்திலும் அநியாயம். தோல் என்றால் தோலாக இருக்கணும், நம் பேரன் உட்காரணும். இல்லையென்றால் ரெக்ஸினை ரெக்ஸின் என்று சொல்லி ரெக்ஸின் விலைக்கு விற்கணும். தோல் தூளுக்கு மேல் பெயிண்ட் அடித்து ஆற்றின் கணக்கில் எழுதுவதை மன்னிக்க முடியாது.

*

அந்த ஷோரூமில் நாங்கள் வாங்கவில்லை. வெளியே வரும்போது பையன் பின்னாலேயே பார்க்கிங் வரை வந்தான். இந்த முறை அப்பாவிடம் பேசினான். "அங்கிள், நீங்க எந்தக் கம்பெனி?" என்றான். "நான் ரிட்டயர் ஆயிட்டேன் கண்ணு" என்றார். அந்த மூன்று புள்ளியை இன்னொருமுறை காட்ட முடியுமா என்று கேட்டான். திரும்ப உள்ளே போனார்கள். நான் வண்டியில் இருபது நிமிஷம் காத்திருந்தேன்.

போன ஞாயிறு பெரியமேட்டுக்குப் போய் நேராகத் தோலே வாங்கினோம், தச்சரிடம் கொடுத்து சோஃபா போடுவதாக ஏற்பாடு. கரெக்டட் கிரெய்ன், எருமை, காப்பிக்கொட்டை நிறம். ஃபுல் கிரெய்னுக்கு என் பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தோலையும் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைக் காட்டினார் அப்பா. மெஷின் அளந்து போட்ட முத்திரை இருந்தது. 24 என்று போட்டு அதன் தோளில் சின்னதாக 2 என்று இருந்தால் இருபத்து நாலரை சதுர அடி. அந்தச் சின்ன எண் கால் அடிக் கணக்கு. ஏழு தோல் எடுத்தோம். கடைக்காரர் கால்குலேட்டரை எடுப்பதற்குள் அப்பா மொத்தத்தைச் சொன்னார். அரையடி வித்தியாசம் வந்தது. கடைக்காரர் மறுபடி கூட்டிப் பார்த்து, அப்பா சொன்னதையே பில்லில் எழுதினார்.